பூட்டிய கைபேசியும் திறந்த மனமும்

(புனித யோசேப்பு பெருவிழாவையொட்டி வானொலியில் ஆற்றிய மறையுரை. நம் பங்கு மடலுக்காகச் சற்றே விரித்து எழுதப்பட்டது. வாசகம்: மத்தேயு 1:18-25)



அடி அண்ணாமலையிலிருந்து உங்களோடு பேசுகிறேன். கிரிவலப் பாதையில் இருக்கிற ஊர் இது. பௌர்ணமி இரவுகளில் பெருங்கூட்டம் எங்கள் ஊர் வழியாக 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றி நடக்கும். கார்த்திகை தீபத்தன்று சொல்லவே வேண்டாம். முன்பெல்லாம் கூட்டத்தில் பிரிந்துபோனவர்களை ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். இப்போது கணவனும் மனைவியும் நடக்கத் தொடங்கும்போதே வாட்ஸ்அப்பில் 'லைவ் லொகேஷன்' அனுப்பிக்கொள்கிறார்கள். ஒருவர் தேநீர்க் கடையில் நின்றாலும் மற்றவர் கண்டுபிடித்துவிடுகிறார். நல்ல வசதிதான்.

அந்த வசதியில் ஒன்றைக் கவனித்தீர்களா? அனுப்பும்போது, எவ்வளவு நேரத்துக்கு என்று அது கேட்கும். 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம். எதைத் தொடுவது என்பது அனுப்புகிறவர் கையில் இருக்கிறது. நடுவில் நிறுத்தவும் அவரால் முடியும். ஆகவே அது ஒரு கொடை. 'நான் இங்கே இருக்கிறேன், கவலைப்படாதே' என்று ஒருவர் மற்றவருக்கு விரும்பிக் கொடுப்பது.

அதே கைபேசியில், அதே தம்பதியர், மற்றவருக்குத் தெரியாமல் இதையே எடுத்துக்கொண்டால் அதன் பெயர் என்ன? இன்று நாம் சிந்திக்க வேண்டியது இதைத்தான். கணவன் மனைவியின் வாட்ஸ்அப்பைப் படிப்பதும், மனைவி கணவனின் ஃபேஸ்புக்கை அவருக்குத் தெரியாமல் திறந்து பார்ப்பதும் இன்று வீட்டுக்கு வீடு நடக்கிற காரியமாகிவிட்டது. 'புருஷன் பெண்சாதிக்குள் ஒளிவு மறைவு எதற்கு?' என்று நியாயமும் சொல்கிறோம். அந்த நியாயத்தை நானும் ஒருகாலத்தில் சொன்னவன்தான். அதனால் என் தவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் கொடுத்த தவறான ஆலோசனை

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் என்னைப் பார்க்க வந்தார். இது ஒப்புரவு அருளடையாளத்தில் கேட்டது அல்ல. பங்கு இல்லத்துத் திண்ணையில் கேட்டது. இருவரின் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றிச் சொல்கிறேன். அவர் பெங்களூரில் கட்டட வேலை செய்கிறவர். 15 நாளைக்கு ஒருமுறை ஊருக்கு வருவார். மனைவி இங்கே ஒரு கடையில் வேலை பார்த்தார். இரவு 11 மணிக்கு மேலும் மனைவியின் பெயருக்குக் கீழே 'ஆன்லைன்' என்று காட்டுகிறது, கேட்டால் அக்காவோடு பேசினேன் என்கிறார், மனசு ஆறவில்லை. இதுதான் அவர் சொன்னது.

நான் யோசிக்காமல் சொன்னேன்: "இதுக்கா தம்பி இவ்வளவு கலங்குறே? புருஷன் பெண்சாதிக்குள்ள மறைக்க என்ன இருக்கு? போனை வாங்கிப் பாரு. ஒண்ணும் இல்லேன்னா மனசு ஆறிடும்." ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்ட நிறைவோடு அன்று மாலைப் பூசைக்குப் போனேன்.

அவர் கேட்டு வாங்கவில்லை. மனைவி தூங்கும்போது அவர் விரலை எடுத்துக் கைபேசியில் வைத்துத் திறந்தார். அந்த வாட்ஸ்அப்பைத் தன்னிடமிருந்த இன்னொரு கைபேசியோடு இணைத்துக்கொண்டார். அதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. பிறகு பெங்களூரில் இருந்தபடியே இரண்டு மாதம் மனைவி எழுதியதையெல்லாம் படித்தார்.

வேறு ஆண் யாரும் இல்லை. மனைவி சொன்னது உண்மை, அக்காவோடுதான் பேசியிருக்கிறார். குழந்தை தங்காத வேதனை, மாமியார் சொன்ன ஒரு வார்த்தை, 'அவர்கிட்ட சொன்னா கோவப்படுவாரோன்னு பயமா இருக்கு அக்கா' என்கிற தயக்கம். அதற்கு அக்கா எழுதிய ஆறுதல், நடுநடுவே அக்கா வீட்டுக் கஷ்டங்கள். அக்காவின் அந்தரங்கத்தையும் இவர் படித்துவிட்டார் என்பது அப்போது அவருக்கு உறைக்கவே இல்லை.

ஒருநாள் கோபத்தில், மனைவி அக்காவுக்கு எழுதிய ஒரு வரியை அப்படியே சொல்லிக்காட்டினார். அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. சண்டை போடவில்லை. மறுநாள் காலை பையை எடுத்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டார். நான் போய்ப் பார்த்தபோது என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: "சாமி, எங்க அக்காகிட்ட அழறதுக்குக்கூட எனக்கு ஒரு இடம் கிடையாதா?" என்னிடம் பதில் இல்லை.

அந்த இளைஞர் மறுபடி என்னிடம் வந்தார். அவர் சொன்னதை நான் மறக்கவே முடியாது: "அதுல தப்பு ஒண்ணும் இல்ல சாமி. ஆனா வேற நம்பர் ஏதாவது வச்சிருப்பாளோன்னு இப்பத் தோணுது."

'ஒண்ணும் இல்லேன்னா மனசு ஆறிடும்' என்று நான் சொன்னேன் அல்லவா? ஒன்றும் இல்லை, மனசு ஆறவும் இல்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவர் அரண்டு நின்றபோது, பேயைத் தேடிப் பார்க்கச் சொல்லி அனுப்பியவன் நான்.

பிரித்துப் படிக்கப்பட்ட கடிதங்கள்

இதை நான் முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டியவன். சிறுவனாக நான் தங்கிப் படித்த ஓர் இல்லத்தில் எங்களுக்கு வரும் கடிதங்களையும் நாங்கள் எழுதும் கடிதங்களையும் பிரித்துப் படித்த பிறகே அனுப்புவார்கள். எங்கள் நன்மைக்காகத்தான் செய்தார்கள். அன்றைய வழக்கம் அது. அதனால் நான் நேர்மையாக எழுதக் கற்றுக்கொண்டேனா? இல்லை. அம்மாவுக்கு 'நலம், நலமறிய ஆவல், நன்றாகப் படிக்கிறேன்' என்று எழுதக் கற்றுக்கொண்டேன். காய்ச்சலில் படுத்ததையும், வீட்டு நினைவில் அழுததையும் எழுதவில்லை. கண்காணிப்பு எனக்கு உண்மையைக் கற்றுத்தரவில்லை. உண்மையை எங்கே வைத்துப் பூட்டுவது என்பதைக் கற்றுத்தந்தது.

சீராக்கின் ஞானம் 9ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தை எடுத்துப் பாருங்கள். உன் அன்பு மனைவிமேல் சந்தேகப் பொறாமை கொள்ளாதே, அப்படிச் செய்தால் உனக்கே தீங்கு செய்ய நீயே அவளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பாய் என்பது அதன் கருத்து. கிறிஸ்து பிறப்பதற்குச் சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட நூல் அது. எவ்வளவு கூர்மையான மனித அறிவு! படிக்கப்படுகிறோம் என்று தெரிந்தவர் அழித்துவிட்டுப் பேசுவார். வேறு எண்ணிலிருந்து பேசுவார். அல்லது பேசுவதையே நிறுத்திக்கொள்வார். மூன்றிலும் தோற்பது குடும்பம்தான்.

யோசேப்பு செய்தது என்ன?

இன்றைய நற்செய்திக்கு வருவோம். யோசேப்புக்கு மண ஒப்பந்தமான மரியா கருவுற்றிருக்கிறார். யோசேப்பின் இடத்தில் நின்று பாருங்கள். அவர் கண்முன் இருந்தது 'ஆன்லைன்' என்கிற ஒரு சொல் அல்ல. மறுக்க முடியாத அடையாளம். சட்டம் அவர் பக்கம் இருந்தது. ஊரைக் கூட்டியிருக்கலாம். நாசரேத்து சின்ன ஊர். அங்கே விசாரித்திருந்தால் ஆளுக்கொரு கதை சொல்லியிருப்பார்கள்.

அவர் யாரிடமும் துப்பு விசாரித்ததாக மத்தேயு சொல்லவில்லை. அவர் நேர்மையாளர் என்றும், மரியாவை இகழ்ச்சிக்கு உள்ளாக்க விரும்பவில்லை என்றும்தான் சொல்கிறார். குழப்பம் உச்சத்தில் இருந்தபோதும் மரியாவின் மானத்துக்கு அவர் காவலாக நின்றார். அவருக்கு உண்மை தெரிய வந்தது எப்படி? தோண்டி எடுத்ததால் அல்ல, கடவுள் வெளிப்படுத்தியதால். தோண்டி எடுக்கப்படும் உண்மைக்கும், வெளிப்படுத்தப்படும் உண்மைக்கும் வேறுபாடு உண்டு. மணவாழ்வு இரண்டாவதில்தான் நிற்கிறது. ஒருவர் தம் உள்ளத்தைத் தாமே திறந்து காட்டும்போதுதான் மற்றவருக்கு அதைக் காக்கும் பொறுப்பும் வருகிறது.

திருச்சபையும் இந்த எல்லையை மதிக்கிறது. திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 220ஆம் எண், ஒருவரின் நற்பெயரைக் கெடுக்கவும், அவர் தம் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ளும் உரிமையை மீறவும் யாருக்கும் அனுமதி இல்லை என்கிறது. துறவற இல்லத் தலைவர்களைப் பற்றி 630ஆம் எண் சொல்வது இன்னும் வியப்பானது. துறவிகள் கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள். ஆனாலும், அவர்கள் தம் மனச்சான்றைத் திறந்து காட்டும்படி எந்த வகையிலும் தூண்டத் தலைவர்களுக்கு உரிமை இல்லை. அவர்களே நம்பிக்கையோடு வந்து சொல்ல வேண்டும். கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு கொடுத்தவரிடமே கேட்க முடியாததை, சமமானவராகக் கைப்பிடித்த வாழ்க்கைத் துணையிடம் பறிக்கலாமா?

திருத்தந்தை பிரான்சிஸ் குடும்பத்தைப் பற்றி எழுதிய 'அன்பின் மகிழ்வு' மடலுக்கு இட்ட தேதி 2016 மார்ச் 19, இதே யோசேப்பு திருநாள். அதன் 115ஆம் எண்ணில் அவர் விளக்குவது: நம்பிக்கை உறவுக்கு விடுதலை தருகிறது, மற்றவரின் ஒவ்வோர் அடியையும் பின்தொடர்ந்து பிடிக்குள் வைத்திருக்க வேண்டியதில்லை, சந்தேகப்படாமல் ஏற்றுக்கொள்வார்கள் என்று தெரிந்தவர்தான் நேர்மையாக இருப்பார்.

நீதிமன்றங்கள் சொல்வது

'சாமி, இது பிரசங்கத்துக்குச் சரி, சட்டத்தில் உண்டா?' என்று சிலர் கேட்பீர்கள். உண்டு. 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அந்த உரிமை தாலி கட்டியதும் முடிந்துபோகுமா? இந்தக் கேள்வி நம் தமிழ்நாட்டிலேயே எழுந்தது. பரமக்குடி சார்பு நீதிமன்றத்தில் மணமுறிவு கேட்ட ஒரு கணவர், மனைவியின் கைபேசி அழைப்பு விவரங்களை அவருக்குத் தெரியாமல் எடுத்துச் சான்றாகக் கொடுத்தார். மனைவி எதிர்த்தார். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், 2024 அக்டோபர் 30 அன்று மனைவியின் பக்கம் தீர்ப்பளித்தார். அந்தரங்க உரிமையில் கணவன் மனைவிக்கு இடையிலான அந்தரங்கமும் அடங்கும், அதை மீறி எடுத்த சான்றை ஏற்க முடியாது என்பது தீர்ப்பு. மணவாழ்வின் அடித்தளம் நம்பிக்கை என்றும், ஒருவரை ஒருவர் வேவு பார்ப்பது அந்த வாழ்வையே சிதைக்கும் என்றும் அவர் எழுதினார்.

கதை அங்கே முடியவில்லை. பஞ்சாபின் பட்டிண்டாவில் ஒரு கணவர், மனைவியோடு பேசியதை அவருக்குத் தெரியாமல் பதிவுசெய்து மணமுறிவு வழக்கில் கொடுத்திருந்தார். 2021இல் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் அதை மறுத்தது. 2025 ஜூலை 14 அன்று உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் பி.வி. நாகரத்னா, சதீஷ் சந்திர சர்மா அமர்வு அந்த மறுப்பை நீக்கி, தம்பதியருக்கு இடையிலான வழக்கில் அத்தகைய பதிவைச் சான்றாக ஏற்கலாம் என்றது.

'அப்படியானால் வேவு பார்க்கலாம்தானே?' என்று அவசரப்படாதீர்கள். அந்தத் தீர்ப்பு பேசுவது, வழக்காடும் ஒருவர் தம் தரப்பை நிரூபிக்கும் உரிமையைப் பற்றி. தம்பதியர் ஒருவரை ஒருவர் வேவு பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டால், அதுவே உறவு முறிந்துவிட்டதற்கும் நம்பிக்கை போய்விட்டதற்கும் அறிகுறி என்று அதே நீதிபதிகள் குறிப்பிட்டார்கள். சான்று தேவைப்படுவது நீதிமன்றத்துக்கு. இன்னும் சேர்ந்து வாழ விரும்புகிறவர்களுக்குத் தேவை வேறு.

அதோடு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு, ஒரு பெண்ணின் இணையப் பயன்பாட்டையோ மின்னணுத் தகவல் பரிமாற்றத்தையோ ஓர் ஆண் கண்காணிப்பதைக் குற்றமாக்குகிறது. கணவன் என்பதற்காக அதில் தனி விலக்கு எழுதப்படவில்லை. பிறருடைய கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்தினால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி ஆண், பெண் யாருக்கும் 3 ஆண்டு வரை சிறை உண்டு.

அந்தரங்கம் வேறு, வஞ்சகம் வேறு

இதுவரை சொன்னதைக் கேட்டு, 'என் போன், என் இஷ்டம்' என்று யாரும் எழுந்து நிற்க வேண்டாம். தங்கையின் துயரம், நண்பரின் நோய், உங்கள் செபக் குறிப்பு, அம்மாவிடம் சொன்ன மனக்குறை இவையெல்லாம் அந்தரங்கம். இன்னொருவரோடு தவறான உறவு, வீட்டுக்குத் தெரியாமல் செயலியில் வாங்கிய கடன், ஆன்லைன் சூதாட்டத்தில் இழந்த சம்பளம் இவை அந்தரங்கம் ஆகா. பீடத்தின் முன் நீங்கள் கொடுத்த வாக்கைத் தொடுகிற எதையும் மறைத்து வைத்தால் அதன் பெயர் வஞ்சகம். துணைக்கு உங்கள் கைபேசிமேல் உரிமை இல்லாமல் இருக்கலாம். உங்களிடமிருந்து உண்மையான பதிலைப் பெறும் உரிமை நிச்சயம் உண்டு.

ஆகவே சில நடைமுறைக் காரியங்களைச் சொல்கிறேன்.

சந்தேகம் வந்தால் வாயைத் திறந்து கேளுங்கள். 'எவனோட பேசினே?' என்று விசாரணை வேண்டாம். 'ராத்திரி நேரம் கழிச்சு நீ பேசிக்கிட்டு இருந்தப்போ எனக்கு மனசு கலங்கிச்சு' என்று உங்கள் கலக்கத்தைச் சொல்லுங்கள். அதைச் சொல்லத் துணிவு வேண்டும். ஒளிந்து படிப்பதற்குத் துணிவு தேவையில்லை.

கேட்கப்பட்டவர், கேட்டதையே குற்றமாக்காதீர்கள். பொறுமையாக விளக்குங்கள். விரும்பினால் நீங்களே எடுத்துக் காட்டுங்கள். கொடுப்பது உங்கள் உரிமை. சந்தேகத்தைத் தீர்ப்பது உங்கள் அன்பு.

அவசரத்துக்காகக் கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொள்கிற தம்பதியர் உண்டு. இருவரும் மனமொத்துச் செய்தால் நல்லது. வீட்டுச் சாவி இருவரிடமும் இருக்கிறது. அதற்காக ஒருவர் பெட்டியை மற்றவர் தினமும் கிளறுவதில்லை.

ஏற்கெனவே ஒளிந்து பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா? இன்றே இணைப்பைத் துண்டித்துவிட்டுத் துணையிடம் சொல்லிவிடுங்கள். தம் கணக்கு வேறெங்காவது திறந்திருக்கிறதா என்று அறிய விரும்புகிறவர்கள், வாட்ஸ்அப் அமைப்புகளில் 'லிங்க்டு டிவைசஸ்' என்ற இடத்தில் பார்க்கலாம். தெரியாத கருவி இருந்தால் அங்கேயே நீக்கலாம்.

அடி, மிரட்டல் இருக்கிற வீட்டில் 'நம்பு, பொறுத்துக்கொள்' என்று நான் சொல்ல மாட்டேன். ஆளைக் கண்காணித்து அடக்கி வைப்பதும் ஒருவகைக் கொடுமைதான். உடலுக்கோ ஆன்மாவுக்கோ பெரும் ஆபத்து இருந்தால் பிரிந்து வாழத் திருச்சபைச் சட்டத்தின் 1153ஆம் எண் இடம் தருகிறது. பெண்கள் 181 என்ற எண்ணையும், இணையக் குற்றங்களுக்கு யாரும் 1930 என்ற எண்ணையும் அழைக்கலாம். பங்கு இல்லத்துக் கதவும் திறந்திருக்கிறது.

இந்தத் தவக்காலத்தில் ஒரு நோன்பு

சிலர் இறைச்சியை விட்டிருப்பீர்கள், சிலர் தேநீரை. ஈஸ்டர் வரை இன்னொன்றையும் விட்டுப் பாருங்கள். துணை குளிக்கப் போகும்போது அவர் கைபேசியை எடுக்கிற கையைக் கட்டுப்படுத்துங்கள். 'கடைசியாக ஆன்லைனில் இருந்த நேரம்' பார்க்கிற கண்ணைக் கட்டுப்படுத்துங்கள். அந்த நேரத்தில், பக்கத்தில் உட்கார்ந்து 'இன்னைக்கு நாள் எப்படிப் போச்சு?' என்று கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள். காத்திருப்பதுதான் கடினமான நோன்பு.

அந்தத் தம்பதியர் என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். நான் அந்தப் பெண்ணின் தாய் வீட்டுக்கு இருமுறை போனேன். முதல் முறை என் ஆலோசனைக்காக மன்னிப்புக் கேட்க. இரண்டாம் முறை கணவரை அழைத்துக்கொண்டு. ஏறக்குறைய ஓராண்டு கழித்து அவர் திரும்பி வந்தார். கைபேசிக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார். கணவர் திறக்கச் சொல்வதில்லை. 'எல்லாம் சரியாகிவிட்டது' என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. போன மாதம் அந்தக் கணவர் ஒன்று சொன்னார்: "நேத்து அவளே வந்து, எங்க அம்மா பேசினதைப் பத்தி எங்கிட்ட சொன்னா சாமி." சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. இரண்டு மாதம் ஒளிந்து படித்தும் அவருக்குக் கிடைக்காத ஒன்று அன்று கிடைத்தது.

செபிப்போமாக. புனித யோசேப்பே, கலங்கிய நேரத்திலும் மரியாவின் மானத்தைக் காத்தவரே, சந்தேகத்தால் உறக்கமின்றித் தவிக்கும் கணவர்களுக்காகவும் மனைவியருக்காகவும் வேண்டிக்கொள்ளும். ஒருவரை ஒருவர் கேட்கும் துணிவையும், உண்மையைச் சொல்லும் நேர்மையையும், சொன்னதைக் காக்கும் பொறுப்பையும் எங்கள் இல்லங்களுக்குப் பெற்றுத்தாரும். ஆமென்.